நத்தானியேல் வீட்டுப் பந்தித் தண்ணீர்

ஆம்பூரில் நத்தானியேல் வாத்தியார் வீட்டு விசேஷம் என்றால் இரண்டு காரியங்கள் நிச்சயம். ஜெபம் நீளமாக இருக்கும். பந்தியில் தண்ணீரை வீட்டுத் தலைவரே ஊற்றுவார். சோறு பரிமாற ஆள் வைப்பார்கள், இலை எடுக்க ஆள் வைப்பார்கள், தண்ணீர் ஜக்கை மட்டும் வேறு கைக்குக் கொடுத்ததில்லை. அவருடைய அப்பா ஊற்றினார். அப்பாவின் அப்பாவும் ஊற்றினார். முந்தின நாளே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, சீரகம் போட்டு ஆறவைத்து, வடிகட்டி அண்டாவில் நிரப்பிவிடுவார்கள். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, பெயர் சொல்லி நலம் விசாரித்து, டம்ளரை நிரப்பிவிட்டு நகர்வார். வந்தவனுக்குச் சோறு போட யாராலும் முடியும்; கேட்பதற்கு முன்னால் தாகம் அறிந்து கொடுப்பவனே வீட்டுக்காரன் என்பது அந்தக் குடும்பத்தின் கட்சி.

ஆகவே மகள் ஜெனிஃபாவின் நிச்சயதார்த்தத்துக்கு முன்பாக, வேலூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா இன்பசேகரன் போனில் சொன்ன சொல் அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பந்தியில பாட்டில் தண்ணி வெச்சிடுங்க."

"ஏன், எங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன கேடு?"

"உங்க வீட்டை யாரு சொன்னது? நான் ரிட்டயர் ஆவுற வரைக்கும் தோல் பதனிடுற டேனரியில சூப்பர்வைசர். பாலாத்துல இன்னா இன்னா போச்சுன்னு கண்ணால பார்த்தவன். குழாயைத் திறந்தா எனக்கு அந்த நாத்தம்தான் ஞாபகம் வருது."

"குழாய்ல வர்றது பாலாறு இல்லீங்க. காவிரி. மேட்டூர்லேர்ந்து பைப்புல வருது."

"வருது, நான் இல்லேங்கல. வழியில எத்தினி ஓட்டை, எத்தினி சாக்கடை தாண்டி வருதோ! நமக்கு ஏன் பேஜாரு? ஆளுக்கு ஒரு பாட்டில் வெச்சிட்டா தீர்ந்துச்சு."

போனை வைத்த பிறகு நத்தானியேல் கூடத்தில் நிமிர்ந்தபடியே நடந்தார். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை விருந்தாளி முன்னால் வைப்பது, அவர் கணக்கில், நீ என் கையால் குடிக்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

"நாளைக்கு அந்த வீட்டுக்குப் போயி வாழப்போறவ நம்ம பொண்ணு," என்றாள் மனைவி கேத்தரின். "தண்ணிக்காக சம்பந்திங்க மூஞ்சி கோணணுமா?"

வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கும் ஜெனிஃபா அப்பாவின் தோளைத் தொட்டாள். "அப்பா, பாட்டில்ல இருக்குறதும் தண்ணிதான், நீங்க காய்ச்சி ஊத்துறதும் தண்ணிதான். வயித்துக்கு ரெண்டும் ஒண்ணு. உங்க ரெண்டு பேருக்கும்தான் ஒண்ணா தெரியல."

மகளுக்காக அவர் இறங்கி வந்தார். இறங்கி வந்தாலும் அரைகுறையாக இறங்குகிற மனிதர் அல்ல. உடனே சம்பந்தியைக் கூப்பிட்டு, "எங்க பந்தியில ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணி இருக்காது. இது நத்தானியேல் வார்த்தை," என்றார். அவர் வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். தலைமையாசிரியராக இருந்த காலத்தில், மழை கொட்டினாலும் விளையாட்டு விழா உண்டு என்று சொல்லிவிட்டு, குடைக்கடியில் நின்று ஓட்டப்பந்தயம் நடத்தியவர்.

பாட்டில் கம்பெனிக்காரன், மாப்பிள்ளை பெண் படம் போட்ட லேபிள் ஒட்டித் தருவதாகச் சொன்னான். இப்போது ஊரில் அதுதான் வழக்கமாம்.

"என் மக முகம் காலி பாட்டிலோட பந்தியில உருளணுமா?" என்று வாத்தியார் சீறினார். "படம் வேணாம். 'நத்தானியேல் குடும்பத்தார் அன்புடன்'னு போடு. அதுக்குக் கீழ ஒரு வேத வசனம் போடு. அதுவும் எல்லாத்துலயும் ஒரே வசனம் கூடாது. ஆளுக்கு ஒண்ணா கிடைக்கட்டும்."

விலை கொடுத்து வாங்கிய தண்ணீருக்கும் குடும்பத்தின் முத்திரை விழுந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். சில நாள் மாலையில் உட்கார்ந்து, சமாதானம், சந்தோஷம், சுகம், ஆசீர்வாதம் என்று நல்ல வசனங்களாகவே பொறுக்கி எடுத்தார்.

நிச்சயதார்த்தம் சர்ச் மண்டபத்தில் சிறப்பாக நடந்தது. ஜெனிஃபாவும் மாப்பிள்ளை ரெனால்டும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். போதகர் ஜெபித்தார், நத்தானியேல் குடும்பத்து வழக்கப்படி அது நீளமாகவே இருந்தது. பின்கட்டில் ஹபீப் பாய் பிரியாணிக்குத் தம் போட்டிருந்த வாசனை உள்ளே வர, கடைசி ஆமென் கொஞ்சம் அவசரமாகவே ஒலித்தது.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். இலைக்கு ஒரு பாட்டில், சிப்பாய்கள் போல வரிசையாக நின்றது. கையில் ஜக்கு இல்லாத நத்தானியேலுக்குக் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கிரேஸிதான் முதலில் பாட்டிலைக் கையில் எடுத்தாள். வசனத்தை வாசித்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதப் பாருங்க! காலையில நான் எதுக்கு ஜெபம் பண்ணேனோ, அதே வசனம் வந்திருக்குது!"

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தனக்கென்று கொடுத்த வசனம் அது. அதை யாரும் கிழிப்பதில்லை, தரையில் போடுவதில்லை. பர்ஸில் வைத்து வருஷம் முழுக்கக் காப்பாற்றுவார்கள். கிரேஸி பாட்டிலையும் அந்த அட்டையைப் போலவே முந்தானையால் துடைத்துத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது.

"உனக்கு இன்னா வசனம்?"

"சுகம் வந்திருக்குது. உனக்கு?"

"சந்தானம். எனக்கு எதுக்குடி இந்த வயசுல? உன் மருமவளுக்குக் குடு, அவளோடத எனக்கு வாங்கிக் குடு."

பாட்டில்கள் கை மாறின, பைக்குள் போயின. இதற்குள் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் இலைக்கு வந்துவிட்டன. ஹபீப் பாயின் மசாலா நாலாவது வாயில்தான் தன் குணத்தைக் காட்டும். ஒருவர் வேர்த்து விறுவிறுத்துப் பாட்டிலின் மூடியைத் திருகப் போக, பக்கத்திலிருந்த மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

"குடிச்சுட்டு எங்க போடுவீங்க? குப்பையிலயா? வசனத்தைக் குப்பையில போடுவீங்களா?"

மனிதர் பாட்டிலைப் பயபக்தியோடு கீழே வைத்தார். உஸ் உஸ் என்ற சத்தம் கூடத்தில் பரவியது. பிறகு ஒரு மூலையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"தண்ணி! கொஞ்சம் தண்ணி!"

நத்தானியேலுக்கு முதுகில் சாட்டை விழுந்தது போலிருந்தது. மூன்று தலைமுறையாக அவர்கள் பந்தியில் யாரும் தண்ணீர் என்று வாய் திறந்து கேட்டதில்லை. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார்.

"பாய், தண்ணி இருக்குதா?"

"அரிசிக்குக் கொதிக்க வெச்சதுல ஒரு அண்டா மிச்சம் சார். மூடி வெச்சிருக்கேன், ஆறியே போச்சு. குழாய்த் தண்ணிதான்."

ஜக்கை அண்டாவுக்குள் அமிழ்த்தப்போன கை நடுவில் நின்றது. ஒரு சொட்டு இருக்காது என்று வார்த்தை கொடுத்திருக்கிறார். ஊற்றினால் வார்த்தை போகிறது. ஊற்றாவிட்டால் வீட்டு மானம் போகிறது. இரண்டில் எதைப் பறிகொடுத்தாலும் நாளை சம்பந்தி வீட்டில் ஜெனிஃபா அல்லவா தலை குனிய வேண்டும்?

"இன்னா சார் யோசனை? உள்ள அவங்க நாக்கு பத்தி எரியுது," என்றார் ஹபீப் பாய். "தண்ணிக்குக்கூட நல்ல நேரம் பார்ப்பீங்களா?"

நத்தானியேல் ஜக்கை நிரப்பிக்கொண்டார். கேத்தரின் மண்டபத்து அலமாரியிலிருந்து சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அவர் யாருக்கும் ஊற்றவில்லை. நேராகப் போய் இன்பசேகரனின் இலைக்கு முன்னால் நின்றார். வரிசையில் தலைகள் திரும்பின.

"சம்பந்தி, இது குழாய்த் தண்ணி. காய்ச்சி ஆறினது. பந்தியில வைக்க மாட்டேன்னு உங்களுக்கு வார்த்தை குடுத்திருக்கேன். அந்த வார்த்தையை எனக்குத் திருப்பிக் குடுங்க. அப்புறம்தான் ஊத்துவேன்."

இன்பசேகரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்தது விக்கல்.

"நீங்க... ஹிக்... அதை..."

மனைவியின் கைப்பைப் பக்கம் கையை நீட்டினார். கிரேஸி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தொடாதீங்க! இது வாக்குத்தத்தம்."

"உன் வாக்குத்... ஹிக்... தத்தம் வேணாம், என்னோடது எங்க?"

"அதை மதனிக்குக் குடுத்துட்டேன்."

கூடமே சிரித்தது. நத்தானியேல் மட்டும் சிரிக்கவில்லை. ஜக்கைச் சாய்க்காமல், கொடி மரம் போல நின்றார். இன்பசேகரன் கண்ணில் நீர் வழிய அவரை அண்ணாந்து பார்த்தார். விக்கலோடு எழுந்து நின்றார். கேத்தரின் கையிலிருந்த டம்ளர் ஒன்றை எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டினார்.

"திருப்பிக் குடுத்துட்டேன் சம்பந்தி. ஊத்துங்க!"

நத்தானியேல் ஊற்றினார். இன்பசேகரன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இரண்டாவது டம்ளருக்கு நீட்டினார். மூன்றாவதற்குப் பிறகுதான் விக்கல் நின்றது.

"டேனரி வாசனை வருதுங்களா?" என்று கேட்டார் நத்தானியேல்.

"பிரியாணி வாசனைதான் வருது." இன்பசேகரன் உட்கார்ந்து, பக்கத்து இலையோரம் இருந்த பாட்டிலை எடுத்துத் திருப்பினார். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துவிட்டு உரக்கச் சிரித்தார். "அடப்பாவமே! இது ஆத்தங்கரை போர்வெல் தண்ணியாம், நம்ம பாலாறு! மிஷின்ல சுத்தம் பண்ணி அடைச்சிருக்கான். பாலாத்துக்குப் பயந்து நான் பாட்டில் கேட்டேன், காசு வாங்கிக்கினு பாலாத்தையே குடுத்திருக்கான்!"

அப்போதுதான் நத்தானியேலின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அடுத்த இலைக்கு நகரப்போனவரை இன்பசேகரன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு விஷயம். கல்யாணச் சாப்பாடு எங்க பொறுப்பு. வேலூர்ல எங்க பந்தியிலயும் நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

நத்தானியேலின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "பொண்ணைப் பெத்தவன் நான். உங்க பந்தியில ஊத்த ஆள் இல்லையா?"

கேத்தரின் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆள் நிறைய இருக்காங்க சம்பந்தி," என்றார் இன்பசேகரன். "இப்படி நிமிர்ந்து நின்னு ஊத்துற ஆளுதான் கம்மி."

நத்தானியேல் நிபந்தனைகளை அடுக்கினார்.

"பாட்டில் இருக்கக் கூடாது."

"இருக்காது. வேலூர்லயும் அதே காவிரிதான்."

"முந்தின நாளே காய்ச்சி ஆறவைக்கணும்."

"வைப்போம்."

"சீரகம்..."

"சீரகமும் போட்டுடறோம் அண்ணா!" என்று கிரேஸி குறுக்கிட்டாள். "மொதல்ல அந்த வரிசைக்குப் போங்க. என் தங்கச்சிக்கு விக்குது."

நத்தானியேல் ஜக்கை நேராகப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்கு நடந்தார். "வாம்மா, நல்லாயிருக்கியா? பிள்ளைங்க எங்க படிக்குது?" என்று விசாரித்துக்கொண்டே டம்ளரை நிரப்பினார்.