பாலிஷ் போட்ட துப்பாக்கி

செவ்வாய்ப்பேட்டையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா பாய், மேசைமேல் துண்டை விரித்து எங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியை மூன்றாகப் பிரித்து வைத்தார். அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. லைசென்ஸ் இப்போதுதான் என் பேருக்கு மாறியது. விலை கேட்க வந்ததாகத்தான் பாயிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. அப்பா சொன்னது நிஜமா புளுகா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்பா கண்ணுசாமியிடம் இருந்தது ஒரே கதைதான். என் தாத்தா தீர்த்தகிரி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் காட்டெருமை முட்ட வந்தபோது வெள்ளைக்காரத் துரையை இழுத்துக் காப்பாற்றினாராம். துரை தன் துப்பாக்கியையே கொடுத்து, சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல அதில் தாத்தா பேரையும் வெட்டித் தந்தாராம். சேந்தமங்கலத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் ரசம் வருவதற்குள் துரை வந்துவிடுவார்.

"ஏற்காட்டையே எழுதிக் குடுக்கலீங்களாப்பா உங்க துரை?" என்று பந்தியிலேயே கிண்டல் செய்வேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

பாய் பூதக்கண்ணாடி வைத்துக் குழலின் அடியைப் பார்த்தார். "இங்கிலாந்து துப்பாக்கிதாங்க. முத்திரை இருக்கு, நம்பர் இருக்கு. ஆனா பக்கத் தகடு என்ன இப்படி மழுமழுன்னு கெடக்கு? யாரு தேய்ச்சது?"

"நம்ம பட்டறையிலதானுங்க பாய்."

நாமக்கல்லில் எனக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. ஐந்து வருஷத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்வரை துடைத்துப் பொட்டு வைக்கும்போது, அப்பாவின் துப்பாக்கியும் பளிச்சென்று இருக்கட்டும் என்று பாலிஷ் போடும் பஃபிங் மிஷினில் கொடுத்துவிட்டேன். கறுத்துக் கிடந்ததெல்லாம் அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஆசையாகத்தான் செய்தேன், பாவி.

பாய் தன் அப்பா காலத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு துப்பாக்கியின் நம்பரும் அடையாளமும் அதில் இருந்தன. 1963இல் ஒரு வரியில் விரலை நிறுத்தி வாசித்தார்.

"சேந்தமங்கலம் தீர்த்தகிரி. இடது தகட்டில் இங்கிலீஷில் வெட்டியிருப்பது: 'தீர்த்தகிரிக்கு, என் உயிரைக் காத்ததற்காக.'"

பதிவேட்டை என் பக்கம் திருப்பி அந்த வரியை நானே ஒருமுறை படித்தேன்.

"இந்த எழுத்து மட்டும் இருந்திருந்தா மூணு லட்சத்துக்குக் கொறையாதுங்க. இப்ப இருபதாயிரம் போனாப் பெருசு" என்றார்.

விலை காதில் ஏறவில்லை. அந்த ஆயுத பூஜைதான் கண்முன் நின்றது. அப்பா துப்பாக்கியை வாங்கி, இடது பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார். "நல்லா மினுங்குது சாமி" என்றார். அந்த இடத்திலேயே சந்தனத்தையும் வைத்தார். அதன்பிறகு துரை கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கே அலுத்துவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

"விக்கறீங்களா?" என்று கேட்டார் பாய்.

அந்தத் தகட்டைப் பெருவிரலால் தடவினேன். எங்கள் பட்டறை வேலை சுத்தம் என்று நாமக்கல்லே சொல்லும். ஒரு கீறல்கூட மிச்சமில்லை.