லேடி புரூனல் விட்ட புகை

எங்கள் ரோந்துக் கப்பல் 'லேடி புரூனல்' ஈரி ஏரியில் எங்கள் நாட்டுப் பக்கத்தைக் காவல் காத்த பதினோரு வருஷத்தில் ஒரு திருட்டுப் படகைக்கூடப் பிடித்ததில்லை. குற்றம் எங்கள்மேல் இல்லை, கரிமேல். மேலிடம் அனுப்பிய மட்டமான நிலக்கரி பத்து மைலுக்குத் தெரியும்படி கறுப்பாகப் புகைந்தது. எல்லை தாண்டி வந்து வலை போட்டிருந்த அமெரிக்கப் படகுகள் அதைக் கண்டதும் சாவகாசமாக வலையைச் சுருட்டி, காபியும் குடித்துவிட்டு வீடு திரும்பிவிடும். கரி அள்ளிப் போட்டவன் நான், மக்ஃபீ. அதனால் வசவும் எனக்குத்தான்.

1912 அக்டோபரில் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு படகாவது பிடிபடாவிட்டால் கப்பலை மணல் அள்ளும் கம்பெனிக்கு விற்றுவிடுவார்களாம். கேப்டன் டட்டில் அன்று பீன்ஸையும் பன்றிக்கறியையும் தொடவில்லை. மனைவி போன பிறகு அவருக்கு வீடு வாசல் எல்லாம் இந்தக் கப்பல்தான். இதை விட்டால் மைத்துனியின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டும்.

மாதக் கடைசி இரண்டு நாளும் மூடுபனி. குத்துமதிப்பாகத் திரிந்தோம். கடைசிநாள் காலையில் கொதிகலன் குழாய் ஒழுகியது. நெருப்பை அணைத்துவிட்டு ரிப்பேர் பார்த்தேன். புகை இல்லை, சத்தம் இல்லை. திடீரென்று 'டொம்' என்று ஒரு படகு வந்து எங்கள்மேல் முட்டியது. எட்டிப் பார்த்தால் ஆக்செல் ரூத்! பதினோரு வருஷமாக எங்கள் கண்ணில் மண்ணைத் தூவிய அமெரிக்க மீன்காரப் பயல். படகு நிறைய மீன், ஈர வலை.

"அகப்பட்டியா!" என்று கேப்டன் குதித்த குதியில் தொப்பி தண்ணீரில் விழுந்தது.

ஆக்செல் வாயைத் திறக்குமுன் பனி விலகியது. அரை மைலில் ஒரு கலங்கரை விளக்கம். அது எங்களுடையது இல்லை. நாங்கள்தான் அமெரிக்கத் தண்ணீருக்குள் கிடந்தோம்.

"வாழ்க்கையிலேயே இன்னிக்கு ஒருநாள்தான்யா யோக்கியமா மீன் புடிச்சேன். இன்னிக்குப் பாத்தா வருவே?" என்றான் ஆக்செல்.

கேப்டன் கயிற்றுச் சுருளில் உட்கார்ந்துவிட்டார். "போடா, போ. நாளையிலேருந்து நான் முட்டை பொறுக்கப் போறேன். கப்பலை விக்கிறாங்க."

"வித்துட்டு?"

"புதுசு அனுப்புவாங்க. வேகமாப் போறது, புகை விடாதது."

ஆக்செலுக்கு முகம் வெளுத்தது. சற்று யோசித்தான். "யோவ் டட்டில், என்னைப் புடி."

"என்னது?"

"உன் பக்கம் இழுத்துட்டுப் போயி, அங்க புடிச்சேன்னு எழுது. ஓட்டைப் படகுதானே, பறிமுதல் ஏலத்துல நானே எடுத்துக்கறேன். புதுக் கப்பல் வந்துச்சுன்னா என் புள்ளகுட்டி பட்டினிய்யா!"

"என் கப்பலே ஓடலைடா. எப்படி இழுக்கறது?"

ஆக்செல் தலையில் அடித்துக்கொண்டான். "கயித்தை வீசித் தொலை!"

இப்படியாக, பிடிபட்டவன் பிடித்தவனை இழுத்துக்கொண்டு எல்லை தாண்டினான். அதற்குள் நான் ரிப்பேரை முடித்திருந்தேன். எங்கள் துறைமுகம் தெரிந்ததும் நெருப்பு மூட்டி, கயிற்றை மாற்றிக் கட்டி, கம்பீரமாக நுழைந்தோம். ஊரே கைதட்டியது. ஆக்செல் நல்ல பிள்ளையாகத் தலைகுனிந்து நின்றான்.

மூன்றாம் வாரம் மேலிடத்துக் கடிதம். பாராட்டோ பாராட்டு. இந்த ஓட்டைக் கப்பலிலேயே இவ்வளவு சாதித்தவர், நல்ல கப்பல் கொடுத்தால் என்னதான் செய்யமாட்டார் என்று யோசித்தார்களாம். வசந்தத்தில் புதுக் கப்பல் வந்தது. லேடி புரூனல் மணல் அள்ளப் போனது. கேப்டன் அதன் மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

புதியதற்கு இரண்டு மடங்கு வேகம், நல்ல கரி. நூலளவு புகைகூட வரவில்லை.

முதல் ரோந்திலேயே எங்கள் எல்லைக்குள் அதே ஓட்டைப் படகு தெரிந்தது. ஆக்செல் வலையும் கையுமாக நின்றான். புகையைப் பார்த்தே பழகியவன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னும் கால் மணி நேரத்தில் பிடித்துவிடலாம்.

கேப்டன் தொலைநோக்கியை இறக்கிவிட்டுக் கீழே என்னிடம் வந்தார்.

"டேய் மக்ஃபீ, என் மெத்தையைக் கிழி. வைக்கோலை நனைச்சு அடுப்புல போடு. பத்து மைலுக்குத் தெரியணும்."

என் மெத்தையையும் சேர்த்துப் போட்டேன்.