முந்திக்கொண்ட முனிரத்தினம்

சிட்லபாக்கம் முனிரத்தினத்துக்கு எல்லாமே கொஞ்சம் முந்தி வந்து சேரும். அடுத்தவர் தும்முவதற்கு முன்பே ‘நூறு’ என்று வாழ்த்திவிடுவான். பால் பொங்குமுன் அடுப்பை அணைத்துவிடுவதால் அந்த வீட்டில் பால் பொங்கியதே கிடையாது. பொங்கலன்று அவனைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் பானையை ஏற்றுவார்கள். இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு மாலைக்கண், இவனுக்கு இது, அவ்வளவுதான்.

பெருங்களத்தூரைத் தாண்டி ஏரிக்குப் பின்னால், யாருக்கென்று தெரியாமல் போட்டுக் கைவிட்ட ஒரு நேர்சாலை இருந்தது. எண்பத்திரண்டு முதல் ஞாயிறுதோறும், சர்ச் முடிந்து ஆட்கள் வந்ததும், அங்கே இரண்டிரண்டு மோட்டார்சைக்கிளாகக் கால் மைல் பந்தயம் நடக்கும். பால்காரர், மெக்கானிக், பள்ளிக்கூட வாத்தியார் என்று வண்டி வைத்திருந்த எல்லோரும் ஓட்டினார்கள். சாலை முனையில் தேங்காய்க்கடை வைத்திருந்த கிளியம்மாள் ஒரு சிதறுகாயை ஓங்கி அடிப்பாள். அந்தச் சத்தத்துக்கு வண்டிகள் பாயும். முனிரத்தினத்தின் யெஸ்டி வண்டி முந்திக் கிளம்புவதற்கும் காய் கல்லில் படுவதற்கும் நடுவில் ஒரு கொசு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அது கிளியம்மாள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அவள் வெளியே சொல்லாமல் அவனையே கட்டிக்கொண்டாள். கட்டிக்கிறியா என்று அவள் கேட்பதற்கு முதல் நாளே அவன் சரி என்று சொல்லியிருந்தான். நாலு வருஷக் கோப்பைகளும் அவன் வீட்டு அலமாரியில் இருந்தன.

எண்பத்தாறில், பந்தயத்தை நடத்திய மன்றத்தின் செயலாளர் தனசிங், தேங்காயெல்லாம் விஞ்ஞானமில்லை என்று சொல்லி, வெளிநாட்டு உறவுக்காரர் மூலம் ஒரு விளக்குக் கம்பத்தை இறக்கினார். மஞ்சள் எரிந்து பச்சை வரும். பச்சைக்கு முன் அசைந்தவருக்குச் சிவப்பு. முதல் ஞாயிறே முனிரத்தினத்துக்குச் சிவப்பு. மறு ஞாயிறும் சிவப்பு. அப்படியானால் இத்தனை வருஷம் ஜெயித்ததும் திருட்டுதான் என்று மன்றம் முடிவுகட்டி, கோப்பைகளைக் கோணியில் கட்டி எடுத்துப்போனது.

“இன்னா சார், நா திருடனா?”

“நான் சொல்லலப்பா, மெஷின் சொல்லுது. மெஷினுக்கு உன்மேல என்ன பகை?”

மெஷின் வாயாலேயே ஒரு ஜெயிப்பு வாங்காமல் விடுவதில்லை என்று முனிரத்தினம் அன்று தீர்மானித்தான். அஸ்தினாபுரத்தில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த தேவானந்தம் அவனுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தான். பட்டனை அழுத்தியதும் வண்டியைப் பிடித்துவைத்து, சொன்ன நேரம் கழித்து விடுகிற பெட்டி. மற்றவர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள், மஞ்சளைப் பார்த்ததும் அழுத்திவிட்டால் பச்சைக்குச் சரியாகப் பெட்டியே கிளப்பிவிடும் என்று. முந்துவதற்காக எல்லோரும் வாங்கிய பெட்டியைப் பிந்துவதற்காக வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் அணை கட்டினால் தண்ணீர் ஏறும் என்பது ஏரிக்கரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பிடித்துவைக்கப் பிடித்துவைக்க, அவன் இன்னும் முந்தினான். எண்பத்தொன்பதில் அரைநாள் முந்தினான். பெரியப்பா காய்ச்சலில் படுக்குமுன்பே ஓவென்று அழுதான். பெட்டிக்கு மேல் பெட்டி வேண்டியிருந்தது. மன்றமும் சும்மா இருக்கவில்லை. பெட்டி பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு பெட்டி, சக்கரம் வழுக்கியதைச் சொல்ல ஒரு பெட்டி என்று வருஷம் ஒரு சட்டம் போட்டது. பால்காரரும் மெக்கானிக்கும் செலவு தாங்காமல் கேரம்போர்டுக்குப் போய்விட்டார்கள். முனிரத்தினம் ஏரியோரத்து நெல்நிலத்தை மனை மனையாக விற்றான். அதில் வீடு கட்டிய ரிட்டயர்டு ஆசாமிகள், ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சத்தம் தாங்கவில்லை என்று அவன் மேலேயே மனு கொடுத்தார்கள்.

“நெலத்த வித்து நேரத்த வாங்கிகினு கீற. வாங்குன நேரத்த எங்கய்யா வச்சிகீற, காட்டு” என்றாள் கிளியம்மாள். அதற்கு அவன் முந்தாநாளே பதில் சொல்லியிருந்தான். என்ன சொன்னான் என்பது இருவருக்கும் ஞாபகமில்லை.

தொண்ணூற்றாறில் கடைசி மனை ஏழாவது பெட்டியானது. போட்டிக்கு மிஞ்சியது தனசிங்கின் மைத்துனன் ஒருவன்தான். இப்போது ஒரு வாரம் முந்தியிருந்ததால், பந்தயத்துக்கு முந்தின ஞாயிறே முனிரத்தினம் கோட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்தான். ஏழு பெட்டியும் சேர்ந்து ஒரு வாரம் பிடித்துவைக்கும் என்பது தேவானந்தத்தின் கணக்கு. மறு ஞாயிறு மஞ்சள் எரிந்தது, பச்சை வந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சிவப்பு எரியவில்லை. கூட்டம் கைதட்டியது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. மைத்துனன் மறுமுனைக்குப் போய், டீ குடித்து, திரும்பியும் வந்துவிட்டான். தேவானந்தம் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

“ஒண்ணு சொன்னாத்தான் இன்னொண்ணு வுடும்ணா. ஏழும் ஒண்ண ஒண்ணு பாத்துகினு கீது. ஒண்ண கழட்டினா, எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து எண்ணும்.”

தனசிங் நியாயஸ்தர்தான். சிவப்பு எரியாததால் முனிரத்தினம் தோற்கவில்லை, கோட்டைத் தாண்டாததால் ஜெயிக்கவுமில்லை, இறங்கினால் மட்டும் தோல்வி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் மன்றமே கலைந்தது. முனிரத்தினம் இறங்கவில்லை. இறங்கினால் திருடன் என்று ஆகிவிடும். கிளியம்மாள் இரண்டு வேளை சோறும், பெட்ரோல் தீரத் தீர ஒரு கேனும் கொண்டுவந்தாள். பெட்ரோல் விலை அந்நாளில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கேனைச் சாய்த்தபடி அவள் கேட்டாள்: “எப்பய்யா கெளம்பும்?”

அவன் வெகுநேரம் யோசித்தான். அந்நாளில் அவனுக்கு வரப்போகிற வருஷத்து மழைகூட உடம்பில் தெரிந்துகொண்டிருந்தது.

“இது மட்டும் இன்னும் தெர்ல கிளி.”

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். மூடியைத் திருகிவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போனாள்.

பிறகு அந்தச் சாலைக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. இருபுறமும் அடுக்குமாடிகள் வந்தன. தாம்பரத்திலிருந்து பஸ் விட்டார்கள். டிரைவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓரம் கட்டப் பழகிவிட்டார்கள். “பைக்குக்காரர் ஸ்டாப்பிங் எறங்கு. சைலென்சர் சூடா கீது, கொயந்தய பாத்து” என்று கண்டக்டர் விசில் கொடுப்பார். ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு, புகைக்குக் கொஞ்சம் முகத்தைத் திருப்பி, இறங்கி வீட்டுக்குப் போவார்கள்.