பெட்டி மரத்தில் வந்த பூச்சி

ஓசூர் கம்பெனிகளுக்கு ஐரோப்பாவிலிருந்து மெஷின் வரும்போது அதைச் சுற்றி அடித்திருக்கும் மரப்பெட்டிகளை எடுத்துப் பிரித்து, அந்த மரத்தில் சாமான் செய்வது கௌஸ் பாஷாவின் தொழில். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி அவருடைய பட்டறை. 1987 மாசியில் பூவம்மாளுக்காகப் பட்டுப்புழுத் தட்டு அடுக்கும் ஸ்டாண்டு நான்கு செய்து வைத்திருந்தார். அவள் ஊரில் இன்னும் எட்டு வீடுகள் புழு வளர்க்கின்றன. அவள் எடுத்தால் அவர்களும் வருவார்கள்.

புதன்கிழமை புருஷன் முனிசாமியோடு டயர் வண்டியில் வந்த பூவம்மாள், ஒரு ஸ்டாண்டின் இழைக்காத உட்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் கையை நிறுத்தினாள். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு புடைப்பு. மரத்தின் நிறமே. தட்டினால் மரத்தின் சத்தமே.

"முடிச்சுங்க அக்கா," என்றார் பாஷா.

முனிசாமி நகத்தால் சுரண்டினார். மரத்தூள் உதிர்ந்தது. "முடிச்சா? உள்ளாற மரத்தத் தின்னுட்டுக் குந்தியிருக்குது பாய். போன தரம் ஊஜி ஈ பூந்து பாதிப் புழு போச்சு. இப்ப சீமைப் பூச்சி வேற வெச்சுக் குடுக்கறியா?"

பூவம்மாள் உளியைக் கேட்டு வாங்கினாள். கல்யாணத்துக்கு முன் ஓசூரில் பட்டு முட்டை தயாரிக்கும் இடத்தில் மூன்று வருடம் வேலை செய்தவள். கூட்டை அறுத்துப் பார்ப்பது, ஆண் பூச்சியையும் பெண் பூச்சியையும் ஜோடி சேர்ப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. பட்டுக் கூட்டுக்கு பிளேடு போதும். இதற்கு உளிதான் இறங்கியது. உள்ளே தடித்த, கருஞ்சிவப்பான கூட்டுப்புழு. தொட்டதும் வாலைச் சுழற்றியது.

"தின்னல. மரத்தக் கடிச்சு எச்சில்ல கொழச்சு சுவரு கட்டிக்கிட்டிருக்குது. இப்ப இதுக்கு வாயே இல்ல."

"வெளிய வந்தா மொளைக்கும்," என்றார் முனிசாமி.

"அதயும் பாத்துருவோம். திங்கக்கெழம எனக்குப் பட்டு முட்ட வருது பாய். ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள இது வெளிய வரலேன்னா ஸ்டாண்டு வேணாம். வந்து, வாய் இருந்தாலும் வேணாம். தெரியாத ஒண்ண புழு மனைக்குள்ள விட மாட்டேன்."

பாஷா அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பார்த்தார், அப்போதும் இல்லை. "எனக்குப் பிரசவம் ஆனப்பகூட இத்தன தரம் எட்டிப் பாக்கலியே," என்றாள் அவர் மனைவி முனவர் பேகம்.

சனிக்கிழமை காலை அது வெளியே வந்திருந்தது. முதலில் நனைந்த பஞ்சு போலக் கிடந்தது. பத்து மணிக்குள் இறக்கை உலர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. சாம்பல் கலந்த வெள்ளை. அதில் பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்பு நெளிவுகள். கழுத்தில் பூனைக்குட்டி மயிர், மயிரில் கறுப்புப் புள்ளிகள். பாஷா மரச்சீவல் வைத்தார், மல்பெரி இலை வைத்தார், சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். எதையும் தொடாமல், மயிர் அடர்ந்த முன்கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்று மத்தியானம் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை பாட்டிலின் உட்சுவரில் இரண்டும் மூன்றுமாகச் செம்பழுப்பு முட்டைகள்.

துணியால் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பாஷா துணியை எடுத்தும் விட்டார். அதற்குள் சாலையிலிருந்து வண்டி இறங்கியது. போன தரம் பாதிப் புழு செத்த வீடு. துணியைப் போட்டுவிட்டு, பாட்டிலை அப்படியே பூவம்மாளிடம் நீட்டினார்.

அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "வாய் இல்ல."

"முட்ட இருக்குதே," என்றார் முனிசாமி.

"கூட வேற ஏதாச்சும் வந்துச்சா பாய்?"

"இல்லீங்க அக்கா. மிச்சப் பலகை மொத்தத்தையும் பொரட்டிப் பாத்துட்டேன். இது ஒண்ணுதான்."

"அப்ப ஆண் சேராத முட்ட. பொரிக்காது. நாலஞ்சு நாள்ல குழிஞ்சு போவும். வண்டில ஏத்துங்க."

முனிசாமி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டே பாட்டிலை எட்டிப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துலருந்து வந்து, பாவம், ஒண்டியா மாட்டிக்கிச்சே."

பூச்சி வியாழன்வரை ஒன்றும் சாப்பிடாமல் உயிரோடிருந்தது. முட்டைகள் அவள் சொன்னபடியே நடுவில் குழிந்தன.

பங்குனியில் அவள் ஊரிலிருந்து மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். "பூவம்மா வீட்ல இந்தத் தரம் கூடு நல்லா வந்துருக்குது பாய். எங்களுக்கும் அந்தப் பூச்சி வந்த மரமேதான் வேணும்."

"கூட்டுக்கும் பூச்சிக்கும் என்னாங்க சம்பந்தம்? யாரு சொன்னது?"

"முனிசாமிதான்."

பாஷா சிரித்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்தார்.