அளவுச் சீட்டுகள்

காலையில் எழுந்து பார்த்தபோது அட்டை தோணி மாதிரி வளைந்திருந்தது. முன்பக்கம் துணியும் காகிதமும் ஒட்டி, செம்புக் கம்பி வைத்துத் தைத்திருந்தேன். பசை காய்ந்ததும் அது அட்டையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டுவிட்டது. முன்னால் எவ்வளவு ஒட்டுகிறோமோ அவ்வளவு பின்னாலும் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் அட்டை நேராக நிற்கும். பதினோரு வருஷமாக ஒட்டுகிறேன், இதை மறந்ததே இல்லை. இந்த எட்டு மாதமாகத்தான் எதை மறக்கிறேன் என்றே தெரியாமல் மறந்துகொண்டிருக்கிறேன்.

"என்ன இது, படமா படகா?" என்றார் கணவர், பல் தேய்த்துக்கொண்டே. நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "சுவத்துல மாட்டினா யாருக்குத் தெரியப்போகுது, விடு" என்றார்.

மாலை நான்கு மணிக்குள் அதைக் கண்காட்சிக் கூடத்தில் கொடுத்தாக வேண்டும். இதுதான் கடைசி என்று வீட்டில் நானே சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கண்காட்சி முடிந்த மறுநாள், மூன்று பெட்டித் துணித்துண்டும் கம்பியும் காகிதமும் பழைய சாமான் எடுப்பவருக்குப் போய்விடும். அந்த மூலையில் மகள் மேஜை போட்டுக்கொள்வாள். படத்தில் ஒரு மரம், மரத்தில் ஏழு பறவைகள். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது, அடுத்த வீட்டுக்காரர் புதிதாக வாங்கின வண்டி அழகாகத் தெரிகிற மாதிரி.

பின்னால் ஒட்டக் காகிதம் தேடியபோது கட்டிலுக்கடியில் அக்காவின் பை கிடைத்தது. கர்ட்டன் தைக்கிற கடையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுத்துச் சீட்டில் எழுதி வருவாள். அதைப் பார்த்து நான் துணி வெட்டுவேன். அவள் இறந்த பிறகு முதலாளியம்மா அவளுடைய இழுப்பறையைக் காலி செய்து இந்தப் பையில் போட்டுக் கொடுத்தார். "நீயே வச்சுக்கோம்மா, எனக்குத் தூக்கிப்போட மனசு வரல." எட்டு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. துக்கத்தால் என்று சொல்ல முடியாது. துக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவளைக் கிடத்தியிருந்தபோது எல்லோரும் உள்ளே அழுதார்கள், நான் வாசலில் வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பை நிறைய அளவுச் சீட்டுகள். எல்லாம் ஒரே அளவு மஞ்சள் காகிதம். கனமும் சரியாக இருந்தது. அவள் எழுத்து என்று தெரிந்தது, படிக்கவில்லை. மேலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தேன். மரத்தைத் தைத்த நூலின் முடிச்சுகள் குறுக்கிட்ட இடங்களில் காகிதத்தைக் கிழித்து வழிவிட்டேன். சீட்டுகளின் நடுவே சிவப்பு நூல் நுனிகள் துருத்திக்கொண்டிருந்தன. இதை வெட்டலாமா, இந்த நிறம் சேருமா என்று ஒரு கேள்விகூட வரவில்லை. கை தன் பாட்டுக்குப் போனது.

கூடத்தில் ஒரு நம்பர் சீட்டு கொடுத்து, படத்தின் பின்னால் ஒட்டச் சொன்னார்கள். பின்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது, சீட்டு வழுக்கியது. முன்பக்கத்தின் கீழ்மூலையில், புல்லின் மேல் ஒட்டினேன். மாட்டுகிறவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மேல்விளிம்பில் இரண்டு துளை, துளையில் கயிறு. எந்தப் பக்கமாகவும் தொங்கும்.

மூன்றாம் நாள் கண்காட்சி திறந்தது. அத்தானையும் அழைத்திருந்தேன். அக்கா வீட்டுக்காரரை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது. அவர் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். பணிமனையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, சட்டைக் கையில் கிரீஸ். ஒரே படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் என் மரத்தைத் தேடி இரண்டு சுவர்களைச் சுற்றிவிட்டு அவர் பக்கத்தில் வந்தேன். அவர் முன்னால் மஞ்சள் சீட்டுகள் தொங்கின.

காது சுட்டது. உள்பாவாடையோடு தெருவில் நிற்பது போல இருந்தது.

"இது அவ எழுத்துதானே?" அத்தான் திரும்பவில்லை.

"ஆமா அத்தான். தப்பா மாட்டிட்டாங்க. மரம் அந்தப் பக்கம் இருக்கு."

அவர் ஒரு சீட்டின் அருகே விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை. "ஹால் ஜன்னல், அகலம் ஆறடி. வீட்டம்மா வாய் ஏழடி." மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்ததற்குப் போனார். "மாடி ரூம். அளவெடுக்கையில நாய் துரத்திச்சு. இவங்களுக்கு ரெண்டு இஞ்ச் கம்மியாவே தை."

எல்லாம் எனக்கு எழுதியவை. வெட்டுகிற அவசரத்தில் எண்களை மட்டும் பார்த்துவிட்டு ஓரத்தில் போட்டவை. சிலதுக்கு அப்போதே சிரித்திருப்பேன். பலதை இப்போதுதான் கேட்கிறேன்.

"'குட்டி, மடிப்புக்குத் துணி விட மறந்துராத. போன தடவை நீ வெட்டினதுக்கு நான் வாங்கிக்கட்டிக்கிட்டேன்.'" அத்தான் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாத் திட்டியிருக்கா உன்ன." பிறகு படத்தைப் பார்த்தபடியே, "வீட்டுல எங்கிட்ட இவ்வளவு பேசினதில்ல" என்றார்.

எங்கள் பின்னால் யாரோ இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி நாய் சீட்டைப் படித்துக் களுக்கென்று சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை, துருத்திக்கொண்டிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். முன்பு எந்தக் கண்காட்சியிலும் என் படத்தின் முன்னால் யாரும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மாட்டுகிறவர் ஏணியோடு வந்தார். "உங்க படமாம்மா? மன்னிச்சுக்கோங்க. அவசரத்துல, நம்பர் இருந்த பக்கம்தான் முதுகுன்னு நெனச்சுட்டேன். கொஞ்சம் முன்னாடி தூக்கிப் பார்த்தா, அங்க மரமும் பறவையும் ஜம்முனு உக்காந்திருக்கு. ரெண்டே நிமிஷம், திருப்பிடறேன்." ஏணியைச் சாய்த்தார். "சார், கொஞ்சம் நகருங்க."

அத்தான் நகரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி, பஸ்ஸில் இடம் விடாதவர் மாதிரி நின்றார்.

மாட்டுகிறவரின் கை கயிற்றில் இருந்தது. திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும். மரம், ஏழு பறவைகள், அழகு. திங்கட்கிழமை பெட்டிகள் போகும்.

"விடுங்கண்ணே" என்றேன். "இதுதான் முன்பக்கம்."

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போல. அந்தப் பெண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல்லயே சொல்லக் கூடாதா, ஏணியத் தூக்கிட்டு வந்தேன்." அவர் தலையைச் சொறிந்தார். "சரி, பக்கத்துல கார்டுல 'வசந்த மரம்'னு இருக்கே? மரத்த எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் என்னையில்ல கேப்பாங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். "பேரு, அளவு, என்னென்ன வச்சுப் பண்ணுனது. கோழி கிண்டுன மாதிரி இல்லாம எழுதுங்க."

அட்டையைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தேன். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அட்டையில் கோடு மட்டும் பள்ளமாக விழுந்தது, சுவரில் வைத்து எழுதுவதால் மை இறங்கவில்லை. பக்கத்தில் மேஜை எதுவும் இல்லை. அத்தான் திரும்பி, முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து, முதுகைக் கொடுத்தார். அதன் மேல் அட்டையை வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்தேன். முதல் வரியில் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சட்டைக்கு அடியில் அவர் முதுகு குலுங்கிக் குலுங்கி அடங்கிக்கொண்டிருந்தது, அட்டையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது.