கராஜில் கிடந்த பரோலோ

பாட்டிலைக் கராஜிலிருந்து எடுத்தபோது கை சுட்டது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டியில், ஜூலை மாதத்துக் கராஜ் என்றால் அடுப்புதான். அங்கே ஐந்து வெயில்காலம் கிடந்திருக்கிறது இந்தப் பரோலோ ஒயின். ஆபீஸ் வேலையாக இத்தாலி போன என் வீட்டுக்காரர் வெங்கடாசலம், சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.

"சாமி இருக்கற ஊட்டுக்குள்ள இது வரக்கூடாது" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான். மனிதர் அதைக் கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

"இது முரட்டு ஒயின், மணி. தொண்டையப் புடிக்கும். சப்புன்னு இருக்கறதுக்கெல்லாம் சேராது. நீ வறுக்கற ஆட்டுக்கறி வேணும், கொழுப்போட. இருவத்தஞ்சாவது கல்யாண நாளைக்குத் தொறக்கலாம். நீயும் ஒரு வாய் குடிக்கோணும்" என்றார்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்றேன். மாதத்துக்கு ஒரு கிளாஸ் குடிப்பவரைப் பார்த்து! அந்த ஒரு நாளிலும் தட்டை வைத்துவிட்டு பெட்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

இருபத்து நான்காம் வருஷம், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே போய்விட்டார்.

அதற்கப்புறம் சில நாள் சாயங்காலம், அவர் வேலை விட்டு வரும் ஆறரைக்கு, எங்கள் கராஜ் கதவு மேலே ஏறும் சத்தம் கேட்கிறது. ஓடிப் பார்ப்பேன், மூடியே இருக்கும். மகள் கயல், "நெய்பர்ஸ் கராஜ்மா" என்கிறாள். எங்கள் கதவு எந்த இடத்தில் முனகும் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷப் படையலில் இந்தப் பாட்டிலைத் தவிர எல்லாம் வைத்தேன். அன்றைக்கும் கேட்டது. சாப்பிடாமலே திரும்பிப் போனாரோ என்று ஒரு வருஷமாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இந்த வருஷம் கறியைக் கொழுப்போடு, தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்தேன். கயல் கார்க்கைத் திருகி, மோந்து, முகம் சுளித்தாள்.

"இட்ஸ் ருயின்ட், அம்மா. ஹீட். லெட்ஸ் பை எ நியூ ஒன்."

"வேண்டாங்கண்ணு. அவரு கேட்டது இதைத்தான். கெடுத்து வெச்சது நானு."

அவர் படம் இருக்கும் அறையில் வாழையிலை போட்டு, சோறும் கறியும் வைத்து, கிளாஸில் ஒயினை ஊற்றினேன். செங்கல் கரைத்த மாதிரி நிறம். சூடம் காட்டிவிட்டு, வழக்கப்படி வெளியே வந்து கதவைச் சாத்தினோம். போனவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து, தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கதவுப் பிடியில் இருந்த கை அப்படியே நின்றது. உயிரோடு இருந்தபோதும் இதைத்தானே செய்தேன்? அந்த மனிதர் குடித்ததெல்லாம் தனியாகத்தான்.

"அம்மா, யூ ஹாவ் டு வெயிட்" என்றாள் கயல்.

தட்டாமலே திறந்தேன். இன்னொரு கிளாஸில் ஊற்றிக்கொண்டு இலைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தேன். அட கருமமே! புளித்தது, தொண்டையைப் பிடித்து உலுக்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு துண்டு கறியை வாயில் போட்டேன். கரகரப்பு மெல்ல அடங்கியது. பாவி மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்போது கராஜ் பக்கம் கதவு ஏறியது. அதே இடத்தில் முனகியது. வாசற்படியில் நின்ற கயல் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

நான் எழுந்து ஓடவில்லை. கொழுப்பு ஒட்டிய துண்டாகப் பொறுக்கி அவர் இலையில் வைத்தேன்.