பத்தாவது கையெழுத்து

அந்த வார்டில் அவளுடைய ஊசி ஏறாத கை அநேகமாக இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருட வேலை. காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பாள். நரம்பே தட்டுப்படாத கைகளிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்பதால் ஊசியக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் இனிப்பை ஒரு கை பார்த்துவிட்டுத் தொட்டதே இல்லை என்று சாதிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வெளியே மூச்சு விட மாட்டாள்.

மஞ்சள்காமாலை வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். ஒரே தெருவில் பதினைந்து நாளில் பதினொரு பேர். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. வாளியை மோந்து பார்த்தாலே போதும். கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா தாளைத் தொடக்கூட இல்லை. "இத நீங்க வட்டத்துக்கிட்ட சொல்லுங்க," என்றார்.

வட்டம் என்றால் ஆளும் பெரிய கட்சியின் வட்டச் செயலாளர். பதவிப் பெயரிலேயே பாதியை விழுங்கி ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. கட்சி அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குழாய மாத்தணும்னா ரோட்டத் தோண்டணும். ரோடு போட்டே மூணு மாசம்தான் ஆகுது. தேர்தல் நேரத்துல பள்ளம் தோண்டினா எவன் ஓட்டுப் போடுவான்? முடியட்டும்மா, பாக்கலாம்."

"அதுவரைக்கும் தண்ணி குடிக்காம இருக்கச் சொல்லவா?"

"காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க. அதுக்கும் நாங்கதான் வரணுமா?"

சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை வேட்பாளராக்கியது.

அவள் சேர்ந்த கட்சி ரொம்பச் சின்னது. அந்த நகரத்தில் அதன் மொத்த உறுப்பினர்களையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஓட்டுநர் பக்கத்து சீட்டுகூட காலியாக இருக்கும். ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலின் அறைதான் கட்சி அலுவலகம். வக்கீலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பொய் வராது.

"ஜெயிப்போமா சார்?" என்று கேட்டாள்.

"மாட்டோம். ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசற ஊர்ல மூணாவதா ஒருத்தர் குழாயப் பத்திப் பேசுவாங்க. அது போதும்."

ரெண்டு பேர் என்று அவர் சொன்னது ஆளும் கட்சியையும் எதிர்த்த பெரிய கட்சியையும். இரண்டும் மேடையில் எலியும் பூனையும். தெருவில் இறங்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு வேறு கதை புரிந்தது. இடது பக்கச் சுவரெல்லாம் ஒருவருக்கு, வலது பக்கச் சுவரெல்லாம் இன்னொருவருக்கு என்று சுண்ணாம்பு அடித்துப் பங்கு பிரித்திருந்தார்கள். கூட்டம் நடத்தச் சமூகக்கூடத்தைக் கேட்டால், மாதம் முழுக்கக் கண் சிகிச்சை முகாமாம். எந்தக் கண்ணையும் எவரும் அங்கே பார்க்கவில்லை. துண்டுப் பிரசுரம் அடிக்க அச்சகத்துக்குப் போனால், "அடிச்சுக் குடுத்தா நாளைக்கு நான் கடைய சாத்தணும்மா, கோச்சுக்காதீங்க," என்று கைகூப்பினார் அச்சகக்காரர்.

கடைசியில் தம்பியிடம் போனாள். தம்பிக்கு மைக் செட் வாடகைத் தொழில். தகரக் கொட்டகைக்குள் கறுப்புப் பெட்டிகளாக எட்டு செட் அடுக்கி வைத்திருந்தான்.

"எல்லாத்தையும் அவங்க எடுத்துட்டாங்கக்கா. தேர்தல் முடியற வரைக்கும்."

"எட்டுமா?"

"எட்டும்."

"இங்கதான இருக்கு?"

"இருக்கு. ஆனா எடுத்துட்டாங்க."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அக்காவை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை போலும். வேட்புமனுவை முன்மொழிய அந்த வார்டு வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும், ஒன்பது சேர்ந்திருந்தது. "இதயாவது செய்யறேன், குடு," என்று பத்தாவதாகப் போட்டான். ஸ்கூட்டர் வரைக்கும் வந்து வழியனுப்பவும் செய்தான்.

மனு பரிசீலனை பகல் பதினொரு மணிக்கு. நீளமான அறை, நடுவில் பச்சைத் துணி விரித்த மேசை, அதன் ஒரு முனையில் தேர்தல் அதிகாரி. எதிர்ச் சுவரோரம் வட்டம் இரண்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். ஊசியக்காவைப் பார்த்து, வீட்டு விசேஷத்துக்கு வந்தவளை வரவேற்பதுபோலத் தலையசைத்தார்.

அதிகாரி அவளுடைய மனுவை எடுத்ததும் நாலு தாள்களைப் பக்கத்தில் வைத்தார். "முன்மொழிஞ்சவங்கள்ல நாலு பேர், அது எங்க கையெழுத்தே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

வக்கீல் தாள்களை வாங்கிப் பார்த்தார். காதுமடல் சிவந்தது. "சார், நாலு லெட்டர்லயும் 'கையெலுத்து'ன்னு இருக்கு. நாலு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே தப்பு வருமா?"

"எழுத்துப் பிழையப் பார்க்க நான் உக்காரல. அவங்களையே கேட்டுடறேன்."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதலில் வந்த தையல்காரர் தரையைப் பார்த்து இல்லை என்றார். அடுத்து வந்த அம்மாள் அழுதுகொண்டே இல்லை என்றாள். மூன்றாமவர் கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூவரின் ரத்த வகையும் ஊசியக்காவுக்கு மனப்பாடம். அவளுக்கு வருத்தம்தான் வந்தது, ஆத்திரம் வரவில்லை.

நாலாவதாகத் தம்பி உள்ளே வந்தான்.

"இது உங்க கையெழுத்தா?"

"இல்ல சார்."

"இவங்க உங்களுக்கு யாரு?" என்று குறுக்கே கேட்டார் வக்கீல்.

"அக்கா."

"அப்ப உங்கக்கா உங்க கையெழுத்தத் திருட்டுத்தனமா போட்டாங்கன்னு சொல்றீங்க."

"நான் போடல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அதிகாரி பேனாவை மூடினார். மனு நிராகரிக்கப்படுவதாகச் சொன்னார். போலிக் கையெழுத்து என்றால் வழக்கும் போடலாம் என்றார். அப்போதுதான் வட்டம் எழுந்தார்.

"கேஸெல்லாம் வேண்டாம் சார். நம்ம வார்டுப் பொண்ணு. யாரோ தூண்டிவிட்டு தெரியாம பண்ணிடுச்சு. விட்டுடுங்க."

அறையில் இருந்தவர்கள் எவ்வளவு பெருந்தன்மை என்று அவரைப் பார்த்தார்கள். ஊசியக்காவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. தோற்கடித்தது போதாதென்று மன்னிப்பும் கொடுக்கிறான். "எனக்கு யாரும் பாவம் பாக்க வேண்டாம், கேஸ் போடுங்க," என்றாள். அதிகாரி அடுத்த மனுவை எடுத்துவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டும் நிறுத்தவில்லை.

"என்னைத் திருடின்னு சொல்லிட்டியேடா."

"வேற என்ன சொல்லணும்? அவங்க கூட்டம் இல்லன்னா இந்தப் பொட்டியெல்லாம் காயலான் கடைக்குத்தான். நீ நின்னா மிஞ்சிப் போனா நூறு ஓட்டு வாங்கியிருப்ப. அந்த நூறு ஓட்டுக்கு நான் சோத்துக்கு லாட்டரி அடிக்கணுமா?"

"வெறும் நூறு ஓட்டுன்னா அவங்க எதுக்குடா இவ்வளவு பயந்தாங்க?"

"பயமா?" அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அவங்களுக்கு உன்னைப் பாத்து என்னக்கா பயம்? பழக்கம். அவ்வளவுதான். வட்டத்துக்கு உன் பேர்கூட சரியாத் தெரியாது. 'அந்த ஊசிக்காரிய எடுத்துடுங்க'ன்னாரு, எடுத்துட்டாங்க."

பயந்தார்கள் என்றாவது நினைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டான்.

"இனிமே எனக்குத் தம்பி கிடையாது," என்று மட்டும் சொன்னாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

வாபஸ் வாங்கும் கடைசி நாளில் எதிர்த்த பெரிய கட்சியின் வேட்பாளர் வயிற்றுவலி என்று சொல்லி விலகினார். பக்கத்து வார்டில் ஆளும் கட்சிக்காரருக்கும் அதே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. இது உனக்கு, அது எனக்கு. ஊசியக்காவின் வார்டில் ஓட்டுப்பெட்டியே வைக்கவில்லை; வட்டத்தின் மைத்துனர் போட்டியின்றித் தேர்வானார். இடையில் கிடந்த ஒரே கல் தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் தம்பி பரிசோதனைக் கூடத்துக்கு வந்து நின்றான். ஷேவ் செய்யாத முகம்.

"தேர்தலே இருக்காதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. கூட்டமே வேண்டாம்னுட்டாங்க. எட்டு செட்டும் சும்மா கெடக்கு."

அவள் கண்ணாடிச் சோதனைக் குழாய்களில் சீட்டு ஒட்டிக்கொண்டே கேட்டாள். "சும்மா கெடக்குதுல்ல? ஒண்ணு குடு. நாளைக்குக் காலைல."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அது எப்படிக்கா? அஞ்சு வருஷம் அவங்ககிட்டதான நான் தொழில் பண்ணணும்."

"அப்ப எதுக்கு வந்த?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவள் வாசல்வரைகூடப் போகவில்லை.

மறுநாள் காலை மஞ்சள்காமாலை பரவிய தெருவின் பொதுக்குழாயடிக்குப் போனாள். முப்பது பேர் குடத்தோடும் வாளியோடும் வரிசையில் நின்றார்கள். சிமெண்டு மேடையில் ஏறி, பையிலிருந்து தாளை எடுத்து, வெறும் தொண்டையில் வாசித்தாள். யார் பெயரையும் சொல்லவில்லை. எந்த வாரம் எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது எத்தனை. பதினொன்று இப்போது பத்தொன்பது ஆகியிருந்தது.

"கீழ எறங்கும்மா, தேர்தல்தான் முடிஞ்சுதே," என்றான் கட்சித் துண்டு போட்ட ஒருவன். செல்போனை நீட்டி அவளைப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"நல்லா எடு. முகம் தெரியற மாதிரி எடு," என்று சொல்லிவிட்டு அவள் தாளை முதலிலிருந்து மறுபடியும், இன்னும் உரக்க வாசித்தாள். வரிசையில் நின்ற தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சிலர் கேட்டார்கள், சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.